மூன்றாவது வீட்டுச் சாவி

சரசு, உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. பரீட்சை நேரம், தலைமை ஆசிரியைக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று எனக்காக நீயே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருப்பாய். அது உண்மையில்லை. கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மேல் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. தினமும் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன், மடித்து வைத்தேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்று பக்கம் நாகம்மா. கெலமங்கலம் சந்தையில் வெங்காயக் கடைக்காரரோடு அவள் பேரம் பேசிக்கொண்டிருந்ததையும், குரலைக் கேட்டே நீ அடையாளம் கண்டதையும், கூடையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுததையும் எழுதியிருக்கிறாய். போன ஆனியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னை வழியனுப்பியபோது நீ அழவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கவனித்தேன். என் உடம்பைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கேட்டிருக்கிறாய். உடம்பு நன்றாக இருக்கிறது.

நீ கேட்டிருப்பவை இரண்டு. குடித்தனக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை, சொல்லிக்கொடு என்பது ஒன்று. மூன்றாவது வீடு காலியாக இருக்கிறதே, அதை மறுபடியும் நாகம்மாவுக்கே கொடுக்கலாமா, அதன் சாவி மட்டும் நீ தந்துவிட்டுப்போன கொத்தில் இல்லையே என்பது இன்னொன்று. முதல் கேள்வி சுலபம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாலு வீடும் உன் தாத்தா எனக்கு எழுதிவைத்தவை. உன் அப்பா போனபிறகு என் சம்பளம் சாப்பாட்டுக்கும், இந்த வாடகை உன் படிப்புக்குமாக நாம் வாழ்ந்தோம். முதல் வீட்டில் நாம் இருந்தோம், இப்போது அதில் நீயும் மாப்பிள்ளையும் இருக்கிறீர்கள். மற்ற மூன்றைப் பார்க்கவேண்டியவள் இனி நீ. ஓட்டிலிருந்து ஆரம்பி. மலைக் குரங்குகள் வருஷம் முழுக்க நம் கூரைமேல்தான் குடும்பம் நடத்துகின்றன. சித்திரை முடிவதற்குள் ஆளை விட்டு உடைந்த ஓடுகளை மாற்றிவிடு. மழை பிடித்துக்கொண்டால் ஓடு மாற்றுகிறவர்கள் கைக்கு அகப்படமாட்டார்கள். நாலாவது வீட்டில் தொடங்கி நம் வீட்டில் முடி. நம் வீட்டில் தொடங்கினால் வாங்கி வைத்த ஓடு நம் வீட்டோடு தீர்ந்துவிடும். மூன்று வருஷம் நான் அப்படித்தான் செய்தேன், நாலாவது வீட்டுக்காரர்கள் பாத்திரங்களை வரிசையாக வைத்து ஒழுகல் பிடித்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. குடியிருக்கிறவர்கள் ஒன்றும் சொல்லாதபோதுதான் நீ போய்ப் பார்க்கவேண்டும்.

கிணற்றுக் கயிறும் வாளியும் நாம் வாங்கித் தரவேண்டியவை. முறைபோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டாயானால், கயிறு யார் கையில் அறுந்தது என்ற வழக்கைத் தீர்ப்பதிலேயே உன் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். வாளி உள்ளே விழுந்தால் எடுக்கப் பாதாளக்கரண்டி உன் வீட்டிலேயே இருக்கட்டும். ஓசூர் மைசூரோடு போகுமா, சென்னையோடே இருக்குமா என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நாட்களில், நாலாவது வீட்டுக் கன்னடத் தபால்காரரும் இரண்டாவது வீட்டுத் தெலுங்கு ஜவுளிக்காரரும் கிணற்றடியில் நின்று கத்தியது உனக்கு ஞாபகமிருக்கும். தபால்காரர் மனைவிதான் அதை முடித்துவைத்தாள். “எந்த ராஜ்யமா வேணா போவட்டும். கயிறு அறுந்தா டீச்சரம்மாதானே வாங்கித் தரணும்? நவுருங்க, நான் தண்ணி சேந்தணும்” என்றாள். வீட்டுக்காரி என்றால் அவ்வளவுதான், சரசு. எந்த ராஜ்யமானாலும் கயிறு வாங்கித் தருகிறவள்.

வாடகை கைக்கு வந்த அன்றே ரசீது கொடுத்துவிடு. பொங்கலுக்கு முன் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடி. சுண்ணாம்பில் எவ்வளவு நீலம் கலப்பது என்பதைக் குடியிருக்கிறவர்களிடம் கேள். அதில் உனக்குச் செலவு ஒன்றுமில்லை, அவர்களுக்கு அது தங்கள் வீடு போல ஆகிவிடும். சுவரில் ஆணி அடித்தால் சண்டைக்குப் போகாதே. நான் போயிருக்கிறேன். மூன்றாவது வீட்டு நடு உத்திரத்தில் நாகம்மா இரும்புக் கொக்கி மாட்டி ஊஞ்சல் கட்டினாளே, அதற்காக. “உத்திரம் தாங்காது, கழற்று” என்றேன். உத்திரம் தேக்கு. நாலு பேர் ஏறி ஆடினாலும் தாங்கும். ஆடிக்கொண்டிருந்தது நீ. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுலபமான கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று தொடங்கினேன். அதற்குள்ளும் அவள் வந்துவிட்டாள். நம் வீடுகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் பாதி அவளால் வந்தது, மீதிப் பாதி அவளுக்கு நான் செய்ததால் வந்தது. சொல்லிவிடுகிறேன்.

அவள் வீடு கேட்டு வந்தபோது உனக்குப் பத்து வயது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் எத்தனை குழந்தைகள் என்று முதலில் கேட்பது என் வழக்கம். அவள் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ரெண்டு பசங்கன்னு பொய் சொல்லலாமுன்னு வந்தேனுங்க டீச்சரம்மா. மூணாவது படுபாவி சிரிச்சிக் காட்டிக் குடுத்துட்டான். இவங்கப்பாரு லாரி ஓட்டறாருங்க, பெங்களூருக்கும் சேலத்துக்கும். ஊட்ல இருக்கறதே மாசத்துல பத்து நாளுதான். அவரைக் கழிச்சிக்குங்க, கணக்கு சரியாப் போயிடும்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டைக் கொடுத்தேன். குடிவந்த அன்று பால் காய்ச்சி முதல் தம்ளரை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழக்கப்படி வீட்டுக்காரிக்குத் தரவேண்டியது. நான் கை நீட்டினேன். அவளோ, “பாப்பா குடிக்கட்டுங்க, பெரியவங்க நமக்கென்ன” என்று உன் கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை நினைத்தேன்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்தாகும். உனக்கு மூன்றரைக்கே விட்டுவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் உன்னை எங்கே விடுவது என்பது அதுவரை எனக்குப் பெரிய கவலை. அவள் வந்தபின் அந்தக் கவலை போயிற்று, நீயும் அதோடு போனாய். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நாலாவதாக உட்கார்ந்து களி தின்றாய். நான் வடித்த சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாகம்மா அத்தை கீரையில பூண்டு தட்டிப் போடும்மா, நீ ஏன் போடறதில்லே?” என்று கேட்டாய். அவள் உன்னைப் பங்காரு என்று கூப்பிட்டாள். தெலுங்கில் தங்கம். ஒருநாள் தூக்கத்தில் நீ தெலுங்கில் என்னவோ முனகினாய். எனக்குப் புரியவில்லை. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத பாஷையில் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரிக்கு ஒரு வசதி உண்டு, சரசு. பொறாமையைச் சட்டதிட்டமாக மாற்றிக்கொள்ளலாம். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது வீட்டைப் பேணுவதாகத்தான் தெரியும். பின்கட்டில் குறுக்காகத் துணிக்கொடி கட்டக்கூடாது என்றேன். விளக்கு வைத்தபின் உரலில் இடிக்கக்கூடாது என்றேன். மற்ற இரண்டு வீட்டுக்கும் இல்லாத விதிகள் மூன்றாவது வீட்டுக்கு முளைத்தன. எல்லாவற்றுக்கும் அவள், “சரிங்க டீச்சரம்மா” என்றாள். அதுவும் எனக்கு ஆகவில்லை. ஒருநாள் ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்கும் சாக்கில், குரல் கொடுக்காமல் பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்குள் போனேன். நீயும் அவளும் ஆட்டுக்கல்லின் முன் எதிரெதிரே உட்கார்ந்திருந்தீர்கள். குழவிமேல் உன் கை, உன் கைமேல் அவள் கை. நீ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய், அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னைக் கண்டதும் நீ வாயை மூடிக்கொண்டாய். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மூடிக்கொள்வது மாதிரி. “எங்கே ஒழுகுது?” என்று கூரையைப் பார்த்துக் கேட்டேன். “எங்கயும் ஒழுவலைங்களே” என்றாள் அவள், பாவம், நிஜமாகவே கூரையைப் பார்த்தபடி. ஆகையால் சொல்கிறேன்: வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் குரல் கொடுக்காமல் நுழையாதே. உன்னுடையது என்று நீ நினைக்கிற ஒன்று அங்கே உன்னுடையதாக இல்லாததைப் பார்க்கவேண்டி வரும்.

அடுத்து வருவதை எழுதத்தான் எட்டு நாளாயிற்று. நீ பெரியவளான நாள். அன்றைக்கு ஐந்தரைக்கு நான் குடையும் நோட்டுக் கட்டுமாக வருகிறேன், நாகம்மா தெருவிலேயே நிற்கிறாள். பையன்களை, “போங்கடா, உங்கப்பன் வண்டி வருதான்னு ரோட்டுல நின்னு பாருங்க” என்று விரட்டிவிட்டிருந்தாள். “டீச்சரம்மா, சத்தமில்லாத உள்ள வாங்க. பாப்பா பெரியவளாயிட்டா” என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். நான் கேட்ட முதல் கேள்வி அதுதான், நீ எப்படியிருக்கிறாய் என்பதல்ல. “அதேதாங்க ஓடியாந்து சொல்லிச்சி. பயந்துகினு இருக்குது. நானு யார்கிட்டயும் மூச்சு விடலை. தண்ணி காயவெச்சி, மஞ்சள் அரைச்சி வெச்சிருக்கேன். இன்னும் ஊத்தலைங்க. உங்களுக்குத்தான் காத்துகினு இருக்கேன்.”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். “மொதச் சொம்பு நீங்க ஊத்திடுங்க டீச்சரம்மா. அப்புறமா நாலு சுமங்கலிங்களைக் கூப்புடலாம், அவங்கதான் மொதல்ல ஊத்தினாங்கன்னு நெனச்சிக்கட்டும். எவளுக்குத் தெரியப்போவுது? நானு சொல்ல மாட்டேன், செவுரு சொல்லாது.”

புருஷனை இழந்தவள் அந்தச் சடங்கில் கை வைக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். கல்லூரியில் படித்தபோது இந்த வழக்கத்தை எதிர்த்து மேடையேறிப் பேசி, கைதட்டல் வாங்கியவள் நான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், பேசாமல், ஒரு சொம்பைக் கொண்டு அந்த வழக்கத்தை எனக்காக மீறக் காத்திருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இதெல்லாம் எனக்கு ஆகாதென்று உனக்குத் தெரியாதா? நீயே ஊத்து” என்றேன். “பெத்தவ நீங்கதானுங்களே” என்றாள். “நீயே ஊத்துன்னு சொன்னேனே” என்றுவிட்டு, குடையைக்கூட மடக்காமல் நம் வீட்டுக்குள் போய்விட்டேன்.

மூன்றாவது வீட்டுக் கதவுக்கு உட்புறம் நீ நின்றிருந்தாய் என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் மருதாணி வைத்த கையோடு, “கதவுக்குப் பின்னாலதான் நின்னுகிட்டிருந்தேன். அன்னைக்கு நீ என்னைத் தொடக்கூட வரலேயேம்மா” என்றாயே, அப்போதுதான் தெரிந்தது. நான், “வழக்கம் அப்படி, நான் என்ன செய்ய” என்றேன். அது பொய். வழக்கத்தை நான் அன்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. நீ பயந்தபோது ஓடியது அவளிடம். தண்ணீர் காய்ந்தது அவள் அடுப்பில். என் மகளை, என் வீட்டில் வாடகைக்கு இருப்பவள், எனக்கு எடுத்துக் கொடுக்கிறாள், நான் வாங்கிக்கொள்ளவேண்டும். அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் என்னைக் கேட்காமல் ஊற்றியிருந்தால் சண்டை போட்டு அழுது அன்றோடு ஆறியிருப்பேன். எனக்காகக் காத்திருந்தாள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளுக்கு நோட்டீஸ் கொடுத்தேன். சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்படுகிறது என்று, எந்த வக்கீலும் குறைசொல்ல முடியாதபடி நானே எழுதினேன். கோலாரிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு மாற்றலாகி வருகிறான் என்று காரணம் சொன்னேன். “வரட்டுங்க. சொந்தக்காரங்க வர்றப்ப நாங்க அடைச்சிகினு இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றாள். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் போகிற அன்று வீட்டைக் கழுவி மெழுகி, மாடத்தில் விளக்கேற்றிவைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். கொக்கியைக் கழற்றவில்லை. “அது இருக்கட்டும் டீச்சரம்மா, பாப்பா ஆடும்” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, “தம்பி வந்தாலும் வராட்டியும் ஊட்டைப் பூட்டி மட்டும் போட்டுறாதீங்க. ஆளில்லாத ஊடு சீக்கிரம் எறங்கிடும்” என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கூரையைப் பற்றித்தான் கவலைப்பட்டாள்.

உன் மாமா வரவில்லை. அவனுக்கு மாற்றலே ஆகவில்லை. “மாமா எப்பம்மா வரும்?” என்று வாரத்துக்கு ஒருதரம் கேட்டாய், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாய். பொய்யைக் காப்பாற்ற ஏழு மாதம் வீட்டைப் பூட்டி வைத்தேன். கறையான் பின்பக்க நிலையைத் தின்றுவிட்டது. கூரையில் குரங்கு விலக்கிய ஓடு வழியாக மழை இறங்கி ஒரு பக்கச் சுவர் ஊறிப் பெயர்ந்தது. ஆகையால் இதையும் எழுதி வைத்துக்கொள்: காலியான வீட்டைப் பூட்டி வைக்காதே. ஒருவரைக் காலி செய்யச் சொல்லவேண்டி வந்தால் உண்மைக் காரணத்தைச் சொல்லிக் காலி செய். உண்மைக் காரணம் வாய்விட்டுச் சொல்ல முடியாததாக இருந்தால், காலி செய்யவேண்டியது குடித்தனக்காரர் அல்ல என்று தெரிந்துகொள்.

இனி உன் இரண்டாவது கேள்வி. மூன்றாவது வீட்டுச் சாவி தவறிப்போகவில்லை. நான்தான் கொத்திலிருந்து கழற்றி எடுத்துவந்தேன். இங்கே என் மேஜையில் இருக்கிறது. ஏன் எடுத்துவந்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டை நீ யாருக்குக் கொடுக்க ஆசைப்படுவாய் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் புருஷனுக்குக் கண் பார்வை குறைந்து வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார், மூத்தவன் பெங்களூர் மில்லில் வேலைக்குப் போய்வர ஓசூரில் வீடு வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நியாயமான தேவை. இதைப் படித்தபோதுகூட, அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் கூடவே இருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. இந்த வயதில் இது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் அந்த வீட்டுக்கு வந்தால் நீ தினமும் பின்வாசல் வழியாகப் போவாய், ஆட்டுக்கல் முன்னால் உட்காருவாய், என்னிடம் சொல்லாததைச் சொல்லுவாய். நான் இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இருந்தாலும் வீட்டை அவளுக்கே கொடு. வெள்ளிக்கிழமை காலை இங்கிருந்து புறப்படும் முதல் பஸ்ஸில், எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ஓசூருக்கு வருகிறாள். சாவியை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பின்பக்க நிலையை மாற்றியபின் கதவு கொஞ்சம் இறுக்கம், தூக்கித் தள்ளவேண்டும், நாகம்மாவிடம் சொல். எந்த விதியும் போடாதே. கொடி எங்கே வேண்டுமானாலும் கட்டட்டும். கொக்கி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பின்னால் குடியிருந்த யாரையும் அதைக் கழற்ற நான் விடவில்லை. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. கோலார்த் தம்பி வரையிலும் ஒன்று விடாமல் படி. நேரில் சொல்லும் துணிவு எனக்கு வரும்வரை அவளுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

பால் காய்ச்சும் நாளைக் குறித்து எழுது, வருகிறேன். முதல் தம்ளரை இந்தத் தடவையும் நீயே குடி. நாளைக்கு உனக்கு ஒரு விசேஷச் செய்தி இருந்தாலும் அவளிடம்தான் முதலில் ஓடுவாய், எனக்குத் தெரியும். ஓடு. பயமோ சந்தோஷமோ, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வதுதான் சரி. ஆனால் அன்றைக்கே, தபால் கட்டு கிளம்புவதற்குள், எனக்கும் ஒரு கார்டு போட்டுவிடு. ஓசூரில் போட்ட கார்டு கிருஷ்ணகிரிக்கு மறுநாளே வந்துவிடுகிறது. ஒரு நாள் பிந்தித் தெரிந்தால் பொறுத்துக்கொள்வேன்.

அம்மா